மொசரெல்லா சில வாரங்கள் கழித்தே நன்றாக இழுபடுவது ஏன்?

அடுப்படி வாசன் (கேள்வி):
எருமைப்பாலில் சிட்ரிக் அமிலமும், பாலைத் திரியவைக்கும் நொதிக் கலவையான ரெனெட்டும் சேர்த்து, பீட்சாவுக்கான மொசரெல்லா சீஸை வீட்டிலேயே செய்கிறேன். புதிய கட்டியை அறுத்தால் நீர் கசிகிறது. துருவிச் சூடாக்கினால் ஒன்றோடொன்று கலக்காமல் துருவல் துருவலாகவே கருகுகிறது. அதே கட்டியைக் காற்றுப் புகாமல் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால், கசிவு நின்று, சூட்டில் நூலாக இழுபடுகிறது. மேலும் வைத்தால் குழைந்து கசக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது?

பால்வள மாணவி:
ரெனெட்டின் வேலை பால் திரிவதோடு முடிவதில்லை. பாலில் மிதக்கும் கேசின் (பாலின் முக்கியப் புரதம்) துகள்களின் மேற்பரப்பில் கப்பா கேசின் என்னும் புரதம் மயிரிழைகளாக நீட்டிக்கொண்டு, துகள்கள் ஒன்றையொன்று நெருங்காமல் காக்கிறது. 169 அமினோ அமிலங்கள் கொண்ட அதனை, ரெனெட்டிலுள்ள கைமோசின் என்ற நொதி 105-க்கும் 106-க்கும் இடையே வெட்டுகிறது. 64 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு மோர்நீரோடு போய்விட, காவல் இழந்த துகள்கள் கால்சியத்தின் துணையோடு ஒட்டி வலையாகின்றன.

நீங்கள் கேட்பது இதற்குப் பிந்தைய கட்டம். கட்டியில் தங்கும் சிறிதளவு ரெனெட், வெந்நீரில் பிசையும்போதும் முழுவதும் செயலிழப்பதில்லை. பாலிலேயே இயற்கையாக உள்ள பிளாஸ்மின் என்ற நொதியோ சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். இவை ஆல்பா, பீட்டா கேசின்களை மெதுவாக நறுக்க, வலையின் இறுக்கம் தளர்கிறது. ஆனால் எல்லாப் பெருமையையும் நொதிகளுக்கே கொடுத்துவிடக் கூடாது. இதே நாட்களில் புரதத்தோடு பிணைந்த கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து பிரிகிறது, புரத இழைகள் தனித்து நின்ற நீரை உறிஞ்சி உப்புகின்றன. கசிவு நிற்பதற்கு இதுவே நேரடிக் காரணம்.

செடார் பிரியன்:
கசப்புக்கு வருகிறேன். பீட்டா கேசினின் வால்பகுதி நீரோடு சேராத அமினோ அமிலங்கள் நிறைந்தது. அது குட்டையான துண்டுகளாக நறுக்கப்படும்போதுதான் நாக்கில் கசக்கிறது. நன்கு முதிர்ந்த செடார் சீஸில், பாலைப் புளிக்க வைக்கும் உறைக்கிருமிகளின் நொதிகள் அத்துண்டுகளை மேலும் உடைத்துத் தனி அமினோ அமிலங்களாக்கிவிடுவதால் கசப்பு பெரும்பாலும் தங்குவதில்லை. சிட்ரிக் அமிலத்தால் புளிக்க வைத்த உங்கள் கட்டியில் அந்த வேலைக்கு ஆளில்லை. பூஞ்சையிலிருந்து எடுத்த ரெனெட்டைப் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகலாம், ஏனெனில் அது கைமோசினைப் போல ஓரிடத்தையே குறிவைக்காமல் கண்ட இடத்திலும் வெட்டும்.

அடுப்படி வாசன்:
நான் வாங்குவது பூஞ்சை ரெனெட்தான். அதற்குப் பதிலாகப் பப்பாளிப் பாலைப் பயன்படுத்தலாமா?

பால்வள மாணவி:
வேண்டாம். பப்பாளியின் பப்பெய்ன் என்ற நொதி இன்னும் தாறுமாறாக வெட்டும். கட்டி தளர்வாகி, புரதம் மோர்நீரில் வீணாகி, கசப்பும் முன்கூட்டியே வரும். போர்ச்சுகலின் செர்ரா டா எஸ்ட்ரெலா என்ற செம்மறியாட்டுப்பால் சீஸில் கார்டூன் என்ற முட்செடியின் பூவிலுள்ள நொதியைச் சேர்க்கிறார்கள். அதன் தாராளமான வெட்டினால் கிடைக்கும், கரண்டியால் அள்ளும் குழைவும் இலேசான கசப்பும் அங்கே விரும்பப்படுகின்றன. இழுபட வேண்டிய மொசரெல்லாவுக்கு அது உதவாது.

நொதித்தல் முறையில் தயாராகும் கைமோசின் கிடைத்தால் வாங்குங்கள். அளவைப் பொட்டலத்தில் உள்ளபடி மட்டும் சேருங்கள். அமிலத்துக்குப் பதில் சூட்டை விரும்பும் உறைக்கிருமிகளைக் கொண்டு புளிக்க வைத்தால் கசப்பும் குறையும். கட்டி நன்றாக இழுபடும் பருவத்தை எட்டியதும் துருவி, சிறு பைகளில் உறையவைத்துவிடுங்கள். அந்தக் குளிரில் நொதிகளின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.