புதுப்பிப்பு: ஏற்காடு ஏரிக்கரையில் தெருநாயைக் கண்டால் குரைக்கும் நாய்

ஏரிக்கரையில் நடக்கும்போது தெருநாயைக் கண்டு குரைக்கும் வளர்ப்பு நாய்க்கு மார்புப் பட்டை (ஹார்னஸ்) மாட்டுங்கள், பத்தடி கயிறு கட்டுங்கள், தெருநாய் தூரத்தில் இருக்கும்போதே கறித்துண்டு கொடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படியும் குரைக்கிறது என்கிறார்கள் சிலர். பெரும்பாலும் கோளாறு கயிற்றில்தான். எதிரே நாய் வந்ததும் நம் கை தானாக இழுக்கும். நாயின் தலை நிமிர்ந்து மார்பு முன்னே தள்ளும். எதிர் நாய்க்கு அது வம்புக்கு வருவது போலத்தான் தெரியும்.

அவிழ்த்துவிட்ட நாய்கள் பொதுவாக நேருக்கு நேர் வராது. வளைந்து, தரையை மோப்பம் பிடித்தபடி வரும். அதனால் கயிற்றைத் தொய்வாக விட்டு அரைவட்டமாக நடங்கள். உங்கள் நாய் உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டாலோ, வாயை மூடி விறைத்தாலோ தூரம் போதவில்லை; பின்வாங்குங்கள். எதிர் நாயிடமிருந்து தானாக முகத்தைத் திருப்பிய நொடியே சுண்டல் அளவு, உப்பில்லாத கோழித்துண்டு கொடுங்கள். உறுமினால் மட்டும் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கிய நாய் எச்சரிக்காமலே கடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பயிற்சியே வேண்டாம்.