கட்டட வேலையாட்கள் சங்கம் பதிந்த ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், நானாமார், ஒரு உதவி. மட்டக்களப்பில் பெரிய சைட் ஒன்றில் கம்பி கட்டுகிறேன். மேலே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்கும் கீழே எங்களைக் கூட்டி வந்தவர். சம்பளத்தில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று 8 வீதம் வெட்டுகிறார்கள், முதலாளி போட வேண்டிய 12 வீதத்தோடு சேர்த்து ஒரு சதமும் கட்டவில்லை, கேட்டால் ‘நாளைக்கு வராதே’ என்பதுதான் பதில். சீமெந்து இரவில் வெளியே போவது வேறு கதை, அதை இங்கே எழுதவில்லை.

போன வருடம் சங்கம் என்று ஒருவர் வந்து சந்தா வாங்கினார், அப்புறம் அவரை ஒப்பந்தக்காரரின் வாகனத்தில்தான் கண்டோம்! அதனால் வாகரை, ஏறாவூர், அக்கரைப்பற்று ஆட்கள் சேர்ந்து நாங்களே பதியப் பார்க்கிறோம். 7 பேர் இருந்தால் பதியலாம், ஒரு முதலாளியிடம் வேலை செய்பவர்களில் 40 வீதம் பேர் சேர்ந்தால் அவர் பேச்சுவார்த்தைக்கு மறுக்க முடியாது, சரி. ஆனால் நியமனக் கடிதம் ஒருவரிடமும் இல்லையே, எந்த முதலாளியின் கீழ் அந்த 40 வீதத்தைக் கணக்குப் பார்ப்பது?

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துக் காசு எடுத்தவர்கள் என்ன ஆதாரம் காட்டினீர்கள்? வேலைக்கு வந்த நாட்களைப் பதியும் வரவுப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அது போதுமா? இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.