ஆடியில கல்யாணம் வச்சா என்ன குத்தம்?

கொடைரோட்டான்:
தங்கச்சிக்குத் தட்டு மாத்தியாச்சு. தையில வச்சுக்கலாம்னு பேச்சு. மண்டபத்துல கேட்டா தை வளர்பிறை முகூர்த்தம் அத்தனையும் போயிடுச்சாம். "ஆடின்னா பாதி வாடகை, கரண்ட் பில் தனி"ங்கிறார் மேனேஜர். மாப்பிள்ளை வீட்டுல பேசிப் பார்க்கலாமா?

பஞ்சாங்கப் பெரியவர்:
வேண்டாம் தம்பி. தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி பிறந்தா இரவு. ஆடி, புரட்டாசி, மார்கழி மூணும் சாமிக்கு விட்ட மாசம். ஆடியில கருத்தரிச்சா சித்திரை வெயில்ல பிரசவம்ங்கிறதும் இருக்கு.

வரப்பு:
ஐயா, கணக்கு இடிக்குதே. ஆடி முதல் மார்கழி வரை இரவுன்னா ஆவணி, ஐப்பசி, கார்த்திகையும் இரவுதானே? அதுல மட்டும் எப்படி ஊரெல்லாம் மேளச்சத்தம்? ஆனி கடைசியில கட்டினவனுக்குச் சித்திரையில புள்ள பொறக்காதா?

பஞ்சாங்கப் பெரியவர்:
அதுக்குத்தான் புதுப்பொண்ணை ஆடிச்சீரோட தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது.

வரப்பு:
சரி, அது ஒரு ஏற்பாடு. ஆனா அசல் காரணம் வயல்ல கிடக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதை." இருக்கிற காசெல்லாம் விதையாவும் உழவுகூலியாவும் மண்ணுக்குள்ள போற மாசம், எவன் பந்தி போடுவான்? தையில சம்பா அறுத்து நெல்லு வீடு வந்ததும் கையில காசு, ஆளுக்கும் ஓய்வு. இன்னைக்கு மாசச் சம்பளக்காரனுக்கு ஆடியும் ஒண்ணுதான், தையும் ஒண்ணுதான். சுயமரியாதைத் திருமணம் செல்லும்னு 1967-லயே சட்டத்தைத் திருத்தியாச்சு. ராகுகாலத்துல கட்டினவங்களும் பேரன் பேத்தி எடுத்துட்டாங்க.

பஞ்சாங்கப் பெரியவர்:
நாள் பார்க்கிறது நேத்து வந்ததில்ல. அகநானூறு 136-ஆம் பாட்டுல திங்கள் ரோகிணியோட கூடின நாள்லதான் மணம்.

வரப்பு:
நாள் இருக்கு, ஒத்துக்கறேன். ஆடி ஆகாதுன்னு அந்தப் பாட்டுல எங்க இருக்கு? குறிஞ்சிக்காரன் வேங்கை பூத்ததைப் பார்த்துக் கல்யாணம் பேசினான். அந்த மரத்துக்கே கணின்னு, அதாவது நாள் சொல்ற சோசியன்னு பேரு. அதுவும் பருவம்தானே ஐயா, பஞ்சாங்கம் இல்லையே.

மேட்டுத்தெரு:
தவக்காலத்துல எங்க கோயில்லயும் கல்யாணம் வைக்கிறதில்ல. ஈஸ்டர் முடிஞ்சா மண்டபத்துக்கு இதே அடிதடி.

பூச்சந்தை:
நிலக்கோட்டையிலிருந்து சொல்றேன். தைப்பனியில மல்லிகை மொட்டு பெருக்காம சிறுத்தே நின்னுடும். வரத்து கூடைக் கணக்குல குறையற நேரத்துலதான் முகூர்த்தமும் வரும். கிலோ ரெண்டாயிரத்தைச் சாதாரணமா தாண்டும். ஆடியில வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போக மீதி நாள் அதுல பாதிக்குக்கூட கேக்க ஆளிருக்காது.

பேராவூரணி மாப்ள:
பாதி வாடகையா? எங்க பக்கம் வந்து கேட்டுப் பாருங்க. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு எல்லாம் ஆடி வந்தா மொய் வாங்கறதுக்குன்னே போடுற மொய்விருந்து. கல்யாணமே இல்லாம மண்டபம் நிறைஞ்சிருக்கும்.

சமையல் மாஸ்டர்:
எனக்கு ஆடியில ஆர்டர் வந்தா நல்லதுதான், அப்ப அடுப்பு சும்மாதான் கிடக்கு. போன ஆவணியில ஒரே ஞாயித்துக்கிழமை நாலு ஆர்டர். நான் நின்னது ஒரு மண்டபம், மத்த மூணுலயும் கையாளுங்க. ஒரு இடத்துல மூணாம் பந்திக்குச் சாம்பார் பத்தாம வெந்நீர் ஊத்திட்டானுங்க. பொண்ணோட அப்பா இன்னும் என் போனை எடுக்கறதில்ல.

வாசல்கோலம்:
எனக்கு ஆடியிலதான் நடந்துச்சு. அவருக்கு லீவு அப்பதான் கிடைச்சது. மூணு மாசம் கழிச்சு மாமியார் பின்கட்டுல வழுக்கி விழுந்து கால் உடைஞ்சது. சோப்புத்தண்ணி கிடந்ததைப் பத்தி ஒருத்தரும் பேசலை. "ஆடியில வந்தவ"ன்னுதான் பேசினாங்க. அதுக்கப்புறம் வண்டி பஞ்சரானாலும் நான்தான். வரப்பு அண்ணா சொல்றதுல தப்பே இல்ல, ஆனா அந்தப் பேச்சு அவர் காதுல விழாது. கொடைரோட்டான் அண்ணா, வாடகையில மிச்சமாகிறது உங்களுக்கு. திட்டு வாங்கப்போறது உங்க தங்கச்சி. அவகிட்ட கேட்டீங்களா?

வரப்பு:
ஊர் வாய்க்குப் பயந்துட்டே இருந்தா எதுதான் மாறும்?

வாசல்கோலம்:
மாத்தலாம் அண்ணா. உங்க வீட்டுப் பையனுக்கு ஆடியில வச்சு, மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லாம ஒரு வருஷம் பார்த்துக்கங்க. பத்திரிகை அனுப்புங்க, நான் வர்றேன்.

கொடைரோட்டான்:
கேக்கலைதான். நேத்து ராத்திரி கேட்டேன். "ஆடி வேணாம், தைக்காகக் காத்திருக்கவும் வேணாம்"னுட்டா. ஆவணியில தேய்பிறை முகூர்த்தம் ஒண்ணு இருக்கு, புதன்கிழமை. மேனேஜர் கால்வாசி குறைச்சார். பெரியவரே, தேய்பிறை பரவாயில்லைதானே?

பஞ்சாங்கப் பெரியவர்:
பஞ்சாங்கத்துல முகூர்த்தம்னு போட்டிருந்தா தாராளமா வைக்கலாம். பொண்ணு நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் இல்லாம பார்த்துக்கங்க.

கொடைரோட்டான்:
பார்த்துட்டேன், இல்ல. மாஸ்டர், அன்னைக்கு உங்களுக்கு எத்தனை ஆர்டர்?

சமையல் மாஸ்டர்:
இதுவரைக்கும் ஒண்ணுமில்ல. அட்வான்ஸ் குடுத்துட்டா நானே நிக்கிறேன்.