வயக்காட்டுக் காவலும் பழைய துப்பாக்கியும்: இன்னும் மனசுல நிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

சிவகாசிக்காரன்

பட்டாசு ஊர்ல பொறந்தவன், மருந்து வாசனை புதுசில்ல. ஆனா துப்பாக்கின்னு கையில எடுத்தது 1998ல, பென்சில்வேனியாவுல. வாடகை வீட்டுக்குப் பின்னாடி மாட்டுப் பண்ணை. பண்ணைக்காரக் கிழவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கிரவுண்ட்ஹாக்னாலே, அதாவது வளை தோண்டி வாழற குண்டு அணில் மாதிரி ஜந்துன்னாலே, அவருக்கு ஆகாது. அது தோண்டின வளையில ஒரு பசு காலை விட்டு ஒடிச்சுக்கிட்ட கதையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

அவர் துப்பாக்கி வின்செஸ்டர் 43, அதுல போடற தோட்டா .22 ஹார்னெட். தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டாம். தோட்டா என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. சுட்டதும் காலிக் கூட்டைக் குனிஞ்சு பொறுக்கி, ஊதி, சட்டைப் பையில போட்டுக்குவார். வீட்டுல உக்காந்து மறுபடி மருந்து நிரப்புவார். ஒரு கூடு புல்லுல விழுந்து காணாமப் போனா தேடாம நகர மாட்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "நீ சுடு"ன்னு என் கையில கொடுத்துட்டார். 120 கஜம் இருக்கும். வளை வாசல்ல அது ரெண்டு கால்ல எழுந்து நின்னுச்சு. முன்கை ரெண்டும் நெஞ்சுல. வாயில குளோவர் புல் ஒரு கொத்து, பாதி உள்ளே, பாதி வெளியே. ரேஷன் கடை வரிசையில நிக்கிற ஆள் மாதிரி. லென்ஸ் வழியா அந்த வாய் அசையறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் விசில் ஒண்ணு அடிச்சுது. நான் விசையை இழுத்துட்டேன்.

போய்ப் பார்த்தா ஆள் இல்ல. ரத்தம் இல்ல. அந்தக் குளோவர் கொத்து மட்டும் வாசல்ல கிடந்தது, பல் பட்ட ஈரத்தோட. பட்டுச்சா, படலையா? கிழவர் ஒண்ணும் சொல்லாம ஒரு கல்லை உருட்டி வாசலை அடைச்சார். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுதான் என் கதை.

டெக்சாஸ் துரை

ஹார்னெட்டை 120 கஜத்துக்கு நீட்டினா இப்படித்தான் ஆகும், சகோ. அது 45 கிரெய்ன் (மூணு கிராம்கூட வராது) குண்டு, வினாடிக்கு 2700 அடிக்குக் கொஞ்சம் கம்மி. 1930ல அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம், ஒத்துக்கறேன். தோட்டா முதல்ல கடைக்கு வந்துச்சு, அதுக்கான துப்பாக்கியைக் கம்பெனிக்காரங்க அப்புறம்தான் செஞ்சாங்க. ஆனா 1935ல .220 ஸ்விஃப்ட் வந்ததும் ஆட்டமே மாறிப்போச்சு. 48 கிரெய்ன், 4110 அடி! குழலைத் தின்னுடும்னு திட்டுவாங்க. சூடு ஆற விடாம சுட்டுக்கிட்டே இருந்தா எந்தக் குழல்தான் தாங்கும்? 1950ல ரெமிங்டன் .222 வந்தது, சாந்தமான, குறி தவறாத தோட்டா. .22-250ஐ ஆளாளுக்கு வீட்டுப் பட்டறையில பழைய .250 சாவேஜ் கூட்டைக் கழுத்து நெருக்கித்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, ரெமிங்டன் கடைச் சரக்கா கொண்டுவந்தது 1965லதான்.

என் அனுபவம்: நண்பர் பண்ணையில கயோட்டி (அமெரிக்காவுல இருக்கிற சின்ன ஓநாய் மாதிரி) ஒண்ணு, ராத்திரி, .22-250. சுட்டேன், விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தா கழுத்துல நாய்ப் பட்டை. அதுக்கு மேல எழுத இஷ்டமில்ல.

புதுசா ஆசைப்படறவங்களுக்கு நாலு வார்த்தை. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கிறவங்க வேட்டை உரிமம் இல்லாமத் துப்பாக்கி வெச்சிருந்தா ஃபெடரல் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் ஆசையா நீட்டினாலும் கைநீட்டாதீங்க. சந்தையில பழைய துப்பாக்கி பார்த்தா மரத்தோட அழகுல மயங்க வேண்டாம், குழலுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துத் தோட்டா சிலதுல இருந்த கேப்பு (மருந்தைப் பத்த வைக்கிற பொட்டு), சுட்ட பிறகு உப்பு விட்டுட்டுப் போகும். ஈரத்துல அதுதான் துருவாகிக் குழலைக் குழி குழியா அரிச்சிருக்கும். குறிக்குப் பின்னாடி மண்மேடு இல்லாத இடத்துல சுடவே கூடாது. வேகமான சின்னக் குண்டு மண்ணுல பட்டா பெரும்பாலும் தூளாயிடும், மெதுவா போறதுதான் கல்லுல பட்டு எகிறிப் பக்கத்துப் பண்ணைக்குப் போகும். காதுக்கு அடைப்பான். இதையும் மறக்காதீங்க, எனக்கு இடது காதுல இப்பவும் ரீங்காரம்.

முறிகண்டிப் பெடியன்

நான் சொல்லப்போறது றைபிள் கதை இல்லை. 1979, காலபோகம், மாரி மழையை நம்பிச் செய்யிற நெல்லு விதைப்பு. நெல்லுப் பால் பிடிச்சு முத்துற நேரம், பண்டி (காட்டுப் பன்றி) ஒரு இரவில கால் ஏக்கரை உழுதுபோட்டிடும். எங்கட அப்புவிட்ட லைசன்ஸ் போட்ட ஒற்றைக் குழல் துவக்கு இருந்தது, பன்னிரண்டு போர். பெரிய ஈயக் குண்டுகள் போட்ட எஸ்.ஜி தோட்டா ரெண்டு மட்டும் மடியில. ரெண்டுக்கு மேல அவர் கொண்டுபோனதை நான் காணேல்லை. தோட்டா விலை அப்பிடி.

விடியப்புறம் காவல் பரணுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்திட்டு, அப்புவோட திரும்பி வாறன். ஒற்றையடிப் பாதை. முன்னால போன அப்பு சடாரெண்டு நிண்டார். கையைப் பின்னால நீட்டி என்ர நெஞ்சில வைச்சு அமத்தினார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகுதான் கண்டன். பாதைக்குக் குறுக்கால, என்ர முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ, பனித்துளி வரிசையாத் தொங்குது. கோர்த்த மணி மாதிரி. கம்பி தெரியேல்லை, பனி மட்டும்தான் தெரிஞ்சது. கட்டுத்துவக்கு, கம்பியில கால் தட்டினாத் தானா வெடிக்கிற மாதிரி மிருகத்துக்குக் கட்டி வைக்கிறது. வெயில் ஏறியிருந்தா பனி காஞ்சிருக்கும்.

அப்பு என்னைப் பாலை மரத்துக்குப் பின்னால நிப்பாட்டிப்போட்டு, தான் போய்ப் பக்கத்தால தடியால தட்டி வெடிக்க வைச்சார். அந்தத் துவக்கைக் கட்டினவர் முதல்நாள் இரவு எங்கட வீட்டுத் திண்ணையில இருந்து சாப்பிட்டவர். நாங்கள் அந்தப் பாதையாலதான் போறனாங்கள் எண்டு அவருக்குத் தெரியும். அப்பு கடைசிவரைக்கும் அந்த மனிசனிட்ட இதைக் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை எண்டு நான் அப்புவிட்டயும் கேக்கேல்லை.

துவக்கை 85இல ஒரு இரவு வந்து வாங்கிக்கொண்டு போட்டினம். அது வேற கதை.

கூடலூர் ஜெயன்

மேல ஒருத்தர் 4110 அடின்னு எழுதியிருக்கார். எங்க தாத்தா துப்பாக்கி, விசையை இழுத்துட்டு ஒரு வெத்தலை போட்டுக்கலாம், அப்புறம்தான் வெடிக்கும்.

சும்மா சொல்லல. குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டத்துலயே பயிர்க் காவலுக்குன்னு அதுக்கு இடம் இருக்கு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், அந்த மாசம் பன்னிக்குத் திருவிழா. மரவள்ளித் தோட்டம், ஐப்பசி மழை, எனக்குப் பன்னெண்டு வயசு. சட்டம் பேசறவங்களுக்கு: குண்டு கிடையாது, மருந்தும் தேங்காய் நார்த் தக்கையும்தான், சத்தத்துக்கு. தாத்தா இழுத்தார். கேப்பு "டிக்"னுச்சு. அவ்வளவுதான். பன்னி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துட்டு மறுபடி கிழங்கைத் தோண்ட ஆரம்பிச்சுது. மருந்து நமுத்துப்போச்சுன்னு நெனச்சு நான் டார்ச்சோட எட்டி, குழல் வாயைப் பார்க்கக் குனிஞ்சேன். பொடனியில ஒரு அறை. சேத்துல விழுந்தேன். விழும்போதே வெடிச்சுது.

தாத்தா அதுக்கு முன்னாடியும் என்னை அடிச்சதில்ல, பின்னாடியும் இல்ல. அந்த அறை விழுந்த இடம் எனக்கு இன்னும் தெரியும்.

அப்புறம், நம்ம ஊர்ல ஏன் .303 இல்லாம .315னு கேப்பாங்க (யாரும் கேக்கல, இருந்தாலும்). .303 பட்டாளத்துத் தோட்டா, பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால அரசாங்கத் தொழிற்சாலை .315ல செஞ்சு வித்துச்சு. டெக்சாஸ் அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்கும், தெரியலன்னாலும் ஒத்துக்க மாட்டார்.

சிறுமுகை மல்லிகா

துப்பாக்கி வெச்சிருக்கறவங்க பாவம் கம்மிங்க. எங்க பக்கம் அவுட்டுக்காய். பன்னி கடிச்சா வெடிக்கும்னு பழத்துக்குள்ள வெச்சுட்டுப் போயிருவாங்க. எங்க செவலைப் பசு மேய்ச்சலுக்குப் போயிட்டுப் பொழுதோட திரும்பி வந்துச்சுங்க, நேரா கழுநீர்த் தொட்டிக்கு. குடிக்கப் பார்க்குது, குடிக்க முடியல. கீழ்த்தாடை இல்லைங்க. தொட்டித் தண்ணி செவந்து போச்சு. மூக்கைத் தண்ணியில வெச்சுட்டு என்னையே பார்த்துச்சு.

வெச்சவன் யாருன்னு ஊருக்கே தெரியும்.

டெக்சாஸ் துரை

@கூடலூர் ஜெயன், .315 தெரியும் தம்பி. நம்பர் வேறதானே ஒழிய அது ஆஸ்திரியாக்காரன் மான்லிக்கர் ரைபிளுக்குச் செஞ்ச பழைய 8 மி.மீ தோட்டா. அதுவும் ஒரு காலத்துல பட்டாளத்துச் சரக்குதான். மருந்து நமுத்தா ஒரு நிமிஷமாவது குழலை ஆளில்லாத பக்கம் நீட்டி வெச்சிருக்கணும். தாத்தா செஞ்சது சரி.

சிவகாசிக்காரன்

மல்லிகா அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத வரல.

துரை அண்ணே, எனக்கு அப்போ கிரீன் கார்டும் இருந்தது, வேட்டை உரிமமும் எடுத்திருந்தேன். எந்தத் தோட்டா நல்லதுன்னு நான் கேக்கவே இல்லையே. இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். அடுத்த வாரம் போனப்போ கிழவர் வெச்ச கல் உருண்டு கீழே கிடந்தது. வாசல்ல புது மண். அதே ஜந்துவா, வேற ஒண்ணு குடி வந்துச்சான்னு தெரியல.

டெக்சாஸ் துரை

வேற ஒண்ணாத்தான் இருக்கும். அதுங்க ஒண்ணு விட்ட வளையில இன்னொண்ணு வந்து குடியேறும். 120 கஜத்துல ஹார்னெட் தப்பாது.

கூடலூர் ஜெயன்

அண்ணே, மேல போய் நீங்க எழுதினதையே ஒரு தடவை படிங்க.