பிளாட்பாரத்தை உடைக்கிறாங்க, யாருன்னு பாருங்க

நாலாவது தெரு, சென்னை (வாட்ஸ்அப் குழு, பேருக்குப் பக்கத்துல வீட்டு நம்பர்)
ஞாயிறு காலை 7:40

சுந்தரி அக்கா (14): எதிர்ல பிரேக்கர் சத்தம். பேத்தி அலறி எழுந்துட்டா. யார் வீட்டு வேலை இது?

சுந்தரி அக்கா (14): 📷 போட்டோ

சுந்தரி அக்கா (14): ஓரக்கல்லு மூணு ஏற்கெனவே பேர்த்தாச்சு

கணேசன் (2): இனிய ஞாயிறு காலை வணக்கம் 🙏🌺

கணேசன் (2): ஐயோ, மேல பார்க்காம போட்டுட்டேன்

தினேஷ் (9): அக்கா, எங்க வீடுதான், ஸாரி. புதன்கிழமை கார் வருது, கேட்டுக்கு ராம்ப் போடறோம். பத்தரைக்குள்ள சத்தம் நின்னுடும்

மெஹருன்னிசா (11): வாழ்த்துகள் தம்பி 🚗 ராம்ப் ரோட்டுப் பக்கமா வருது?

தினேஷ் (9): ஆமாக்கா. ரோட்டுல மூணடி இறக்கி சிமென்ட் சரிவு கொடுக்கறேன்னாரு மேஸ்திரி

மெஹருன்னிசா (11): பேர்த்த கல்லுல ஒண்ணுக்கு அடியில ஓட்டை இருக்கும் பாருங்க. தெருத் தண்ணி அது வழியாத்தான் வடிகாலுக்கு இறங்குது. அதை மூடினீங்கன்னா மேட்டுல இருந்து வர்ற தண்ணி உங்க சரிவுல முட்டி எங்க கேட்டுக்குத் திரும்பும். 2023 மிக்ஜாம் புயல் அப்போ ஹாலுக்குள்ள கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல தூக்கி வெச்சோம்

தினேஷ் (9): சரிவுக்கு அடியில ஒரு பைப் விட்டுடலாம்னு சொல்றாருக்கா

ராஜாமணி சார் (5): நாலங்குல பைப்பா? ரெண்டு மழை வரட்டும். வேப்பிலையும் பால் கவரும் போய் அடைச்சுக்கும். அப்புறம் குச்சி விட்டுக் குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்

தினேஷ் (9): சார், நீங்க ஹைவேஸ்ல இருந்தவங்க. எப்படித்தான் போடணும்?

ராஜாமணி சார் (5): முதல்ல பிரேக்கரை நிறுத்தச் சொல்லுங்க. கண்ணாடியைத் தேடிட்டு வரேன்

8:05

ராஜாமணி சார் (5): சரிவு ரோட்டுல வரக்கூடாது. பிளாட்பாரத்துக்குள்ளதான் வரணும். அதுக்காக கேட்டு வரைக்கும் மொத்தமா சாய்ச்சிடவும் கூடாது. ஐ.ஆர்.சி. 103ன்னு, இந்திய சாலை காங்கிரஸ் போட்டது, நடக்கிறவங்களுக்கான வழிகாட்டி இருக்கு. 2012ல திருத்தினாங்க, 2022ல மறுபடியும் திருத்தினாங்க. பிளாட்பாரம் உயரம் 15 செ.மீ.க்கு மேல போகக்கூடாது, நடக்கிறதுக்குத் தடையில்லாம 1.8 மீட்டர் வேணும், அதாவது ஆறடி. வீட்டு வாசல் வந்தாலும் அந்த ஆறடி அதே மட்டத்துல ஓடணும். கார்தான் ஏறி இறங்கிக்கணும், ஆள் இல்ல.

நம்ம தெருவுல பிளாட்பாரம் எட்டடி. ரோடு மேல ரோடா போட்டு இப்ப ஓரக்கல்லு உயரம் நாலங்குலம்தான் மிச்சம். அதனால ஓரத்துல ரெண்டடி மட்டும் சாய்ச்சா போதும். ஆறுக்கு ஒண்ணு சரிவு, அதாவது ஆறங்குல நீளத்துக்கு ஓரங்குலம் ஏத்தம், கார் தாராளமா ஏறும். உள்பக்க ஆறடியைத் தொட வேண்டாம்.

ராஜாமணி சார் (5): அகலம் எவ்வளவு உடைக்கிறீங்க?

தினேஷ் (9): பதினாறு அடி 😬

ராஜாமணி சார் (5): கேட்டே பத்தடி! லாரியா வாங்கியிருக்கீங்க?

கணேசன் (2): 😂😂

மெஹருன்னிசா (11): சார் சொன்ன அந்த மட்டம்தான் எங்களுக்கு முக்கியம். மாமியார் வாக்கர் வெச்சு கோயில் முனை வரைக்கும் நடக்கிறாங்க. 6ஆம் நம்பர் வாசல்ல மட்டும் ரோட்டுல இறங்கித்தான் போகணும். அங்க வாக்கர் ஒருபக்கமா சாயுது, ஒருநாள் விழப் பார்த்தாங்க

தினேஷ் (9): 📷 போட்டோ

தினேஷ் (9): அக்கா சொன்ன வாசல் இதுதானே? அட்மின் அண்ணன் வீடு. நானும் இதைப் பார்த்துத்தான் மேஸ்திரிகிட்ட சொன்னேன். இது ரோட்டுல நாலடி வந்திருக்கு

(இருபது நிமிஷம் யாரும் பேசல)

சுந்தரி அக்கா (14): நீல டிக் எல்லாருக்கும் விழுந்திருக்கு

செல்வம், அட்மின் (6): குளிச்சிட்டு இருந்தேன்ப்பா. ஆமா, அது 2014ல போட்டது. அப்ப யாரும் கேட்கல

ராஜாமணி சார் (5): நான் கேட்டேன்

செல்வம், அட்மின் (6): நீங்க கேட்டீங்க சார்

கணேசன் (2): 1913க்கு ஒரு போன் அடிச்சா மாநகராட்சிக்காரங்களே வந்து ரெண்டையும் பேர்த்துட்டுப் போயிடுவாங்க

சுந்தரி அக்கா (14): தெருக்காரங்களுக்குள்ள எதுக்குப் போன்? உட்கார்ந்து பேசிக்கலாம்

ராஜாமணி சார் (5): பேசலாம். ஆனா பிளாட்பாரம் நம்ம சொத்து இல்ல. வார்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், வெட்டின இடத்தைச் சரி பண்றதுக்குப் பணமும் கட்டணும். தினேஷ், செல்வம் ரெண்டு பேரும் சேர்ந்தே மனு குடுங்க. வரைபடம் நான் போட்டுத் தரேன். வடிகால் ஓட்டை எங்கெங்கன்னு அதுல குறிச்சிடலாம்

8:52

தினேஷ் (9): சார், அர்ஜென்ட். 📷 போட்டோ. மேஸ்திரி கல்லு எடுத்த இடத்துல மண்ணைக் கிளறினாரு. உள்ள செங்கல் வரிசையா படுத்திருக்கு. பழைய சுவரான்னு கேட்கிறாரு

ராஜாமணி சார் (5): தொடாதீங்க!! ஈ.பி. கேபிளுக்கு மேல செங்கல் பரப்பித்தான் மண்ணு மூடுவாங்க. கடப்பாரையைக் கீழ வைக்கச் சொல்லுங்க. நான் செருப்பு மாட்டிட்டேன், வந்துட்டு இருக்கேன்

சுந்தரி அக்கா (14): முருகா

மெஹருன்னிசா (11): தம்பி, மேஸ்திரி நல்லா இருக்காரா?

தினேஷ் (9): நல்லா இருக்காருக்கா. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு தள்ளி நிக்கிறாரு. டீ கேட்டாரு

சுந்தரி அக்கா (14): நான் கொண்டு வரேன். சர்க்கரை போடலாமான்னு கேளு

9:20

ராஜாமணி சார் (5): கேபிள்தான். நல்லவேளை செங்கல் பெயரல. மண்ணை மூடியாச்சு. அனுமதி வர்ற வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம். வந்தப்புறமும் பிரேக்கர் வேணாம், கட்டர் மிஷினால கோடு போட்டு அறுத்துட்டு, ஓரக்கல்லை இணைப்புல பிரிச்சு எடுக்கணும். இப்ப நடுவுல உடைஞ்ச ரெண்டு கல்லு இனி உதவாது

தினேஷ் (9): சரி சார். கார் புதன்கிழமை வருதே, அதுவரைக்கும் எங்க விடறது?

செல்வம், அட்மின் (6): எங்க வீட்டுல விடு தம்பி. ராம்ப்தான் இருக்கே, உடைக்கிற வரைக்கும்

மெஹருன்னிசா (11): எப்ப உடைக்கிறீங்க அண்ணே?

செல்வம், அட்மின் (6): மழைக்கு முன்னாடிம்மா

மெஹருன்னிசா (11): தேதி சொல்லுங்க அண்ணே

சுந்தரி அக்கா (14): அந்தக் கல்லுங்களை ஓரமா எடுத்து வையுங்கப்பா, பால்காரர் வண்டி இடிச்சிடப் போகுது