நாட்டு நடன மணத்தோடு ஆர்கெஸ்ட்ரா இசை: எதில் தொடங்கலாம்?

மாட்டுங்கா வாசி:
மும்பை நரிமன் பாயின்ட்டில் இருக்கும் என்சிபிஏ கலையரங்கில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு மகளோடு போகலாம் என்றிருக்கிறேன். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது, முக்கால் மணி நேர சிம்பொனி இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு நாட்டு மணமும் வீசும் சின்ன உருப்படிகளாகச் சொல்லுங்களேன்.

செம்பூர்க்காரர்:
செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஸ்லாவோனிக் நடனங்கள், சந்தேகமே வேண்டாம். 1878இல் முதல் எட்டையும் ஒரே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்க எழுதி, ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவரே மாற்றினார். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள்தான் முன்மாதிரி, ஆனால் பிராம்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளை எடுத்தார், இவர் நாட்டுப்புறத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டைச் சொந்தமாகப் போட்டார். முதல் நடனம் ஃப்யூரியண்ட் என்ற செக் நாட்டுப்புற நடன வகை: மூன்று மூன்றாக ஓடும் தாளத்துக்குள் இரண்டு இரண்டாக அழுத்தம் விழும், கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், உங்கள் மகளுக்கு உடனே பிடிபடும்.

தானே ரசிகை:
ஷாப்ரியேயின் எஸ்பான்யாவையும் சேருங்கள், ஆறேழு நிமிடம்தான். 1882இல் ஸ்பெயினைச் சுற்றிவந்த பிரெஞ்சுக்காரர் அடுத்த வருடமே எழுதியது. கிதார் மீட்டுவதுபோலத் தந்திகளை விரலால் சுண்டித் தொடங்குவார்கள், அப்புறம் களை கட்டிவிடும். ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்ஸகோவின் ஸ்பானிஷ் கேப்ரிச்சியோவும் அருமைதான், எனக்கு ஷாப்ரியே ஒரு படி மேல்.

மாட்டுங்கா வாசி:
ரொம்ப நன்றி. பிராம்ஸும் கேட்கலாமா?

செம்பூர்க்காரர்:
தாராளமாக. 21 நடனங்களில் 1, 3, 10 மட்டும்தான் அவரே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியது, முதலில் அவற்றைக் கேளுங்கள்.