‘மீம் டெம்ப்ளேட்’டுக்குத் தமிழ்: வார்ப்புருவா, மெட்டா?

பாம்பனிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

‘மீம்’ அப்படியே இருக்கட்டும். அதற்குத் தமிழில் ஆக்கிய ‘போன்மி’ நல்ல சொல்தான். ஆனால் மண்டபத்திலிருந்து தொண்டி வரை பிள்ளைகள் வாயில் மீம் ஊறிவிட்டது. நாம் பேச வேண்டியது ‘டெம்ப்ளேட்’டைப் பற்றி. நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் அதற்கு ‘வார்ப்புரு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘மெட்டு’ என்று போடலாம் என்பது என் கோரிக்கை.

ஒரு மீமைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டு கட்டம். மேலே வடிவேலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறார். கீழே அவரே அடிபட்டு அழுகிறார். மேலே ‘தடைக்காலம் முடிஞ்சுச்சு, டோக்கன் கையில’. கீழே ‘பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு’. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகைக் கட்டிப்போட்டு, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கியதும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இதே கட்டங்களில் நாளைக்கு ஒருவர் பரீட்சையை எழுதுவார், இன்னொருவர் கரண்டு பில்லை எழுதுவார். மாறாமல் நிற்பது படம் என்று தோன்றும். ஆனால் வேறொரு நடிகரின் இரண்டு முகத்தைப் போட்டாலும் மீம் வேலை செய்கிறதே! நிற்பது ‘மேலே வீறாப்பு, கீழே சரிவு’ என்ற எதிர்பார்ப்புதான். வார்ப்பில் ஊற்றினால் ஒரே மாதிரிப் பொருள்தான் வரும். இங்கே ஒவ்வொன்றும் வேறாக வந்தால்தான் சிரிப்பு.

இணைய மீம்களை ஆராய்ந்த லிமோர் ஷிஃப்மன் 2014இல் கொடுத்த வரையறையும் இதற்குத் துணை நிற்கிறது. அவர் கணக்கில் ஒற்றைப் படம் மீம் ஆகாது. உள்ளடக்கம், வடிவம், நிலைப்பாடு ஆகியவற்றில் ஒத்துப்போய், ஒன்றையொன்று அறிந்தே உருவாகி, பலர் கைபட்டு மாறி மாறிப் பரவும் தொகுதிதான் மீம். ஒரே காணொளி மாறாமல் கோடிப் பேரை எட்டினால் அது வைரல், அவ்வளவுதான்.

2019 மே மாதக் கடைசியில், ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணியின் பெயரில் வந்த அலையைப் பாருங்கள். சுத்தியல் படத்தைப் போட்டு ‘இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்’ என்று கேட்ட ஒரு முகநூல் பதிவுக்குத் தமிழர் ஒருவர், இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்று எழுதிய பதிலில் அது கிளம்பியது. அங்கே எடுத்தாண்டது படத்தையே இல்லை. பேரிடர் வந்தால் ஊர்ப்பெயரோடு சேர்த்து எழுதும் ‘பிரே ஃபார்’ என்ற தொடரை எடுத்து, ஊர் இருந்த இடத்தில் காண்ட்ராக்டரை உட்கார வைத்தார்கள். டெம்ப்ளேட்டுக்கு வைக்கக்கூடிய ‘படவார்ப்பு’, ‘சட்டகம்’ என்ற மற்றச் சொற்கள் இரண்டும் இதைப் பிடிக்காது.

மெட்டு பிடிக்கும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் முன்னால் நிற்பவர் அன்றைக்குத் தோன்றிய அடியைக் கட்டுவார், மற்றவர்கள் மாறாத ‘ஏலேலோ’வைப் பிடித்துக்கொள்வார்கள். கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும். புது அடி அதில் எப்படி உட்காருகிறது என்பதுதான் சுவை.

இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஜேபெக் படம் 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிந்து சுருங்குகிறது. நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதித் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்ப அனுப்ப வடிவேலு மங்கினாலும் வடிவேலுதான். எழுத்து அப்படியில்லை. 720 பிக்சல் அகலப் படத்தில் எழுத்தைச் சிறிதாக வைத்தால் மெய்யின் தலைப்புள்ளிக்கு மூன்று நான்கு பிக்சல்தான் மிஞ்சும். முதலில் போவது அதுதான்: ‘கூண்டு’ ‘கூணடு’ ஆகும், ‘டோக்கன்’ ‘டோககன’ ஆகும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் கசியும். கறுப்பு ஓரக்கோட்டை எழுத்துக்கு உள்பக்கமாகக் கொடுத்தால் ‘ண’வின் சுழி அடைபடும், வெளிப்பக்கம் கொடுக்க வேண்டும். மெட்டு தேயாமல் நிற்க, அடி தேய்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கீழக்கரையிலிருந்து:

தம்பி, மெட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இரண்டு தடை.

முதலாவது, வார்ப்புரு ஏற்கெனவே தமிழ் விக்கிப்பீடியாவில் டெம்ப்ளேட்டுக்கு நிலைத்த சொல். மீம் போடும் பையன் தேடுவதும் எழுத்தில்லாத வெற்றுப் படக்கோப்பைத்தான். அதை மெட்டு என்றால் ‘மெட்டைப் பதிவிறக்கு’ என்றாகும். காதுக்கு ஒட்டவில்லை.

இரண்டாவது, ரீல்ஸ். அங்கே ஒலித்துண்டே டெம்ப்ளேட். பத்துப் பேர் ஒரே வசனத்துக்கு வாயசைக்கிறார்கள். ‘இந்த ரீலின் மெட்டு’ என்றால் பாட்டின் ராகம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கூண்டு மீமில் இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரைக்கு வெளியே இருப்பவர் கூண்டு என்றதும் கிளியைத்தான் நினைப்பார். புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியாதவருக்கு மெட்டு புரியும், ‘ஏதோ கவிழ்ந்தது’ என்பது வரை வந்துவிடுவார், அடி புரியாது. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதிய குறியேற்றம் (சொல்பவர் பொருளை வைப்பது), குறிவிலக்கல் (பெறுபவர் அதை எடுத்துக்கொள்வது) இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதற்கு இது நேரான எடுத்துக்காட்டு. உன் பிரிப்பு இங்கேயும் உதவுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாம்பனிலிருந்து:

காக்கா (அண்ணே), முதல் தடை சரியானது. வெற்றுக் கோப்பு வார்ப்புருவாகவே இருக்கட்டும். கோப்பு தூக்கி வரும் எதிர்பார்ப்பு மெட்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் நாமும் சுமத்த வேண்டியதில்லை.

எது மெட்டு என்று சோதிக்க வழி இருக்கிறது. எழுத்தை அழித்து, படத்தை மட்டும் காட்டுங்கள். ‘இது இன்ன படத்துக் காட்சி’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் ஸ்டில். ‘மேலே பெருமையடிக்கணும், கீழே வாங்கிக் கட்டிக்கணும்’ என்று எழுத வேண்டியதையே சொன்னால் மெட்டு ஆகிவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டிக்கரில் இது துலக்கமாகத் தெரியும். 512×512 பிக்சல், அசையாத ஸ்டிக்கர் என்றால் 100 கேபிக்குள். நீளமாக எழுத இடமே இல்லை. மெட்டை மட்டும் பதிலாகப் போடுகிறோம், எதிராளி அனுப்பிய செய்தியே அடியாகிவிடுகிறது.

ரீல்ஸுக்கு ‘குரல்மெட்டு’ என்று முன்னொட்டுச் சேர்த்துப் பாருங்கள், ராகத்தோடு குழம்பாது. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: கட்டங்களை இடம் மாற்றிக் கெடுத்தால் மெட்டுப்பிசகு, எல்லோரும் போட்டுச் சலித்தால் மெட்டுத்தேய்வு, தெரிந்தே கவிழ்த்தால் மெட்டுமுறிப்பு.

பட்டியலுக்கு இப்படி எழுதலாம்: ‘மெட்டு — மீம் தொகுதி ஒன்றில் மாறாமல் நின்று, புதிதாக வரும் அடி எந்த இடத்தில் எந்தத் தொனியில் உட்கார வேண்டும் என்பதை முன்கூட்டியே உணர்த்தும் அமைப்பு. படமாகவோ தொடராகவோ குரலாகவோ இருக்கலாம்.’

கீழக்கரையிலிருந்து:

குரல்மெட்டு நிற்கும். சம்மதம்.

அடுத்தது ஷிஃப்மனின் மூன்றாவது கூறு. ‘நிலைப்பாடு’ என்றால் கட்சித் தீர்மானம் போல ஒலிக்கிறது. அவர் சொல்வது, செய்தியை விடுபவர் அதற்கும் பார்ப்பவருக்கும் முன் தன்னை எப்படி நிறுத்திக்கொள்கிறார் என்பதை. ‘பாங்கு’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் பாங்கு என்றால் தொழுகைக்கு அழைப்பது, அது வேண்டாம். ‘நிற்பு’ சரிவருமா என்று பாருங்கள்.